மறுப்பின் அறம்: பட்டோச்காவின் சாசன உரைகள் குறித்து

செக் நிகழ்வியலாளர் யான் பட்டோச்காவைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு பிளவு நெடுநாளாக நிலைத்திருக்கிறது. 1975இல் தட்டச்சுப் படிகளாகக் கைமாறிய ‘வரலாற்று மெய்யியல் குறித்த மரபுமீறல் கட்டுரைகள்’ நூலை எழுதியவர் ஒருவர் என்றும், 1977இல் வாட்ஸ்லாவ் ஹாவெல், யிர்ஷி ஹாயெக் ஆகியோருடன் செக்கோஸ்லோவாக்கியாவின் மனித உரிமை முன்னெடுப்பான சாசனம் 77இன் பேச்சாளராக நின்றவர் வேறொருவர் என்றும் எண்ணத் தோன்றும்படி அவை பேசுகின்றன. முன்னவர் ஹெராக்ளிட்டஸின் போரையும் ஹைடெக்கரின் இருண்ட வரலாற்றுணர்வையும் சுமந்தவராம். பின்னவர் காண்ட்டின் அறநெறிக் கட்டளையிடம் திரும்பியவராம். அரசியல் நெருக்கடிதான் அவரைத் தம் மெய்யியலிலிருந்து காப்பாற்றியது என்பது இந்த வாசிப்பின் சொல்லப்படாத முடிவு. இந்தப் பிளவுக்கு அவருடைய எழுத்துகளில் ஆதாரம் இல்லை என்பதே என் வாதம்.

சிக்கல் முழுவதும் ‘சாசனம் 77 எது, எது அன்று’ என்ற சிறு உரையில் குவிந்திருக்கிறது. 1977 ஜனவரி 7ஆம் தேதியிட்ட அவ்வுரையில், சமூகம் ஓடுவதற்காக அறம் ஏற்பட்டதில்லை, மனிதர் மனிதராய் இருப்பதற்காகவே அது இருக்கிறது என்கிறார் பட்டோச்கா. தேவைக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப மனிதர் அதை வரையறுக்க முடியாது. அரசுகளும் தமக்கு மேலான, நிபந்தனையற்ற ஒன்றுக்குப் பணிய வேண்டும் என்பதே மனித உரிமைக் கருத்தின் உட்பொருள். இதில் காண்ட்டின் குரல் கேட்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிபந்தனையற்ற ஒன்று எப்படி விவரிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பயனிலிருந்து பிறக்காதது, சூழ்நிலையைச் சாராதது, அரசின் கைக்கு அடங்காதது என விலக்கல்களாலேயே அது சுட்டப்படுகிறது. அது இன்னதைச் செய் என்று கட்டளையிடுவதாக உரையில் எங்கும் இல்லை. சாசனத்துக்கான விளக்கமும் இதே வகைதான்: அது அமைப்பன்று, சங்கமன்று, ஆட்சிக்குப் போட்டியாளரும் அன்று. இப்போது ‘மரபுமீறல் கட்டுரைகளின்’ ஆறாவது கட்டுரைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டையே போராகக் காணும் அக்கட்டுரை, போர்முனையில் வாழ்வின் பிடிமானங்கள் யாவும் உலுக்கப்பட்டவர்களிடையே பிறக்கும் தோழமையில் முடிகிறது. அந்தத் தோழமை ஆக்கத் திட்டம் எதையும் முன்வைக்காது. சாக்ரடீஸுக்குள் ஒலித்த தெய்வக் குரலைப் போல எச்சரிக்கவும் தடுக்கவும் மட்டுமே செய்யும். இரண்டே ஆண்டு இடைவெளியில் எழுந்த இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று ஒதுக்க நான் தயங்குகிறேன். வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1950களில் எழுதிய ‘எதிர்மறைப் பிளேட்டோவியம்’ கட்டுரையிலேயே, பிளேட்டோவின் ‘கருத்து’ காணத்தக்க பொருளன்று, நம் கண்முன் உள்ளவற்றிலிருந்து விலகி நிற்கும் ஆற்றலே அது என்று அவர் வாதிட்டிருந்தார். சாசன உரையின் நிபந்தனையற்ற அறம் இந்தக் கோட்பாட்டின் வழிவந்தது. அங்கே காண்ட்டின் சொற்கள் இருக்கின்றன; சிந்தனையின் அமைப்பு பட்டோச்காவினுடையது.

ஆறாவது கட்டுரை போரைப் போற்றுகிறது என்ற குற்றச்சாட்டு எளிதில் தள்ளத்தக்கதன்று. பிரெஞ்சுப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய பால் ரிக்கரே அதன் சில பகுதிகளில் அதிர்ச்சி அடைந்தார். எர்ன்ஸ்ட் யுங்கரின் போர்முனை எழுத்துகளிலிருந்து அது கடன் வாங்குவதும் உண்மை. எனினும் கட்டுரையின் தாக்குதல் குறிவைப்பது ‘பகல்’ என்று அது அழைக்கும் ஆற்றல்களை. உயிர்மேல் உள்ள ஆசையையே பிணைக்கயிறாக்கி, அமைதியின் பெயராலும் முன்னேற்றத்தின் பெயராலும் மனிதரை அணிவகுக்கச் செய்பவை அவை. 1968 படையெடுப்புக்குப் பிந்தைய செக்கோஸ்லோவாக்கியாவில் ‘இயல்பாக்கம்’ எனப்பட்ட ஆட்சிமுறை இப்படித்தான் நடந்தது. பெரும்பாலோரை அடக்கத் துப்பாக்கி தேவைப்படவில்லை. சாசனத்தின் முதல் அறிக்கை இதற்குச் சான்று. மாறான கருத்துக்காகத் தம் துறையில் பணிபுரிய முடியாத பல்லாயிரம் பேரையும், பெற்றோரின் நிலைப்பாட்டுக்காகக் கல்வி மறுக்கப்படும் இளைஞரையும், அச்சமின்றி வாழும் உரிமை இழந்தோரையும் அது எடுத்துரைக்கிறது. வேலை, வீடு, பிள்ளையின் படிப்பு: ‘பகலின்’ பிடி இவற்றில்தான் இருந்தது. 1972இல் பல்கலைக்கழகத்திலிருந்து கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்ட பட்டோச்காவுக்கு அந்தப் பிடி ஏட்டறிவாக மட்டும் இருந்திருக்காது. போர்முனை அவருக்கு இலட்சியமாக இருக்கவில்லை. அந்தப் பிடி தளரும் எல்லைநிலையாகவே அதை எடுத்தாண்டார்.

சாசன உரைகள் சட்ட உத்தியாக எழுதப்பட்டவை, அவற்றில் மெய்யியலைத் தேடுவது வீண் என்ற ஆட்சேபம் என்னை அதிகம் தடுக்கவில்லை. 1976 அக்டோபரில் நாட்டின் சட்டத் தொகுப்பில் வெளியான ஐ.நா. உடன்படிக்கைகளை ஆட்சிக்கு எதிராகவே சாசனம் பயன்படுத்தியது உத்திதான். ஆனால் உத்திக்காக மட்டும் எழுதுபவர் 1977 மார்ச் 8ஆம் தேதியிட்ட உரையை எழுதியிருக்க மாட்டார். துன்பப்படத் தகுந்தவை உண்டு, அவற்றுக்காகவே வாழவும் தகும் என்பதை மக்கள் மீண்டும் அறிந்திருக்கிறார்கள் என்று அதில் சொல்கிறார். 1973இல் வார்னா மெய்யியல் மாநாட்டுக்காக எழுதிய உரையில் அவர் தியாகத்தைப் பற்றிச் சொன்னதும் இதையொட்டியதே: உண்மையான தியாகம் கொடுக்கல் வாங்கல் கணக்குக்குள் அடங்காது. 1977 மார்ச் 1 அன்று டச்சு வெளியுறவு அமைச்சர் மாக்ஸ் ஃபான் டெர் ஸ்டூலைச் சந்தித்ததையடுத்துப் போலீஸ் விசாரணைகள் இறுகின. மார்ச் 13 அன்று மூளை இரத்தக்கசிவால் இறந்தபோது அவருக்கு வயது 69. அந்த மரணத்தைத் தம் மெய்யியலுக்கு அவர் அளித்த நிரூபணம் என்று கொள்வது மிகை. ஆனால் காண்ட்டிடம் திரும்பிய ஒரு பட்டோச்காவைக் காட்ட விரும்புவோர், மார்ச் 8 உரையை வார்னா உரையிலிருந்து பிரிக்கும் ஒரு வாக்கியத்தையேனும் சுட்டிக்காட்ட வேண்டும். இதுவரை அப்படி ஒன்றும் முன்வைக்கப்படவில்லை.