சுமை தூக்கியவர் பெயர் எங்கே?

மூவாரிலிருந்து பேச வந்திருக்கிறேன்.

"வெள்ளைக்காரர் எழுதிய பயண நூல்களையும் நினைவு நூல்களையும் நம் வரலாறாக ஏற்கலாமா?" இதுதான் கேள்வி. ஏற்கலாம் ஐயா, ஆனால் பாதிதான். மீதிப் பாதி பொய் என்று சொல்ல வரவில்லை. அது எழுதப்படவே இல்லை என்கிறேன்!

எங்கள் ஊர்ப் பக்கத்து லெடாங் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 1,276 மீட்டர். இன்று தங்காக் மாவட்டத்தில் இருக்கிறது. முன்பு மூவார் மாவட்டம். வெள்ளைக்காரர் வைத்த பெயர் ஓஃபிர் மலை. 1854-இல் மலாக்காவிலிருந்து அங்கே போனார் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர். அப்போது மலாக்கா பிரிட்டிஷார் கையில்; ஜொகூரோ அவர்கள் ஆட்சிக்கு வெளியே. பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஜொகூர் ஏற்றதே 1914-இல்தான். ஆக, அவர் போனது எல்லைக்கு அப்பாற்பட்ட காட்டுக்கு.

1869-இல் வந்த 'மலாய்த் தீவுக்கூட்டம்' நூலில் அந்தப் பயணத்தை எழுதியிருக்கிறார். சேறு, அட்டைக் கடி, யானை நடமாட்டம், குடுவைச் செடிக்குள் தேங்கிய தண்ணீரைக் குடித்துப் பார்த்தது, எல்லாம் இருக்கிறது. படிக்கப் படிக்க இனிக்கிறது. ஆனால் மூட்டை சுமந்து வந்தவர்கள்? ஆறு மலாய்க்காரர்கள். அவ்வளவுதான்! செடிக்குப் பெயர் உண்டு, பறவைக்குப் பெயர் உண்டு. சுமந்தவருக்கு எண்ணிக்கை மட்டும்தான்.

சரி, எழுதியவர்களாவது ஒரே மாதிரி எழுதினார்களா? அதுவும் இல்லை. 1879-இல் இசபெல்லா பேர்ட் என்ற அம்மையார் சில வாரங்கள் இந்தத் தீபகற்பத்தைச் சுற்றினார். அதிகாரிகளின் விருந்தாளி. 1883-இல் வந்த அவர் நூலின் பெயரே 'பொன் தீபகற்பம்' என்ற பொருளில் தொடங்கும். அடுத்த இரண்டே ஆண்டில், 1885-இல், எமிலி இன்னஸ் என்ற அம்மையார் பதில் கொடுத்தார். சிலாங்கூர் லங்காட்டில் வேலை பார்த்த அதிகாரியின் மனைவி. தனிமை, கொசு, காய்ச்சல் என்று வருடக்கணக்கில் அங்கே வாழ்ந்தவர். தம் நூலுக்கு, முலாம் உரிந்த தீபகற்பம் என்ற பொருளில் பெயர் வைத்தார்! ஒரே மண், இரண்டு வெள்ளைக்காரப் பெண்மணிகள், இரண்டு கதை. விருந்தாளி கண்ட ஊர் வேறு. வாழ வந்தவர் கண்ட ஊர் வேறு. இரண்டுமே உண்மைதான்.

அப்படியென்றால் மூன்றாவது புத்தகம் எங்கே? கப்பலேறி வந்து, கங்காணி சொன்ன இடத்தில் காடழித்து, பால் மரம் வெட்டிய நம்மவர் எழுதிய புத்தகம் எங்கே? காலைப் பெரட்டில் அவர்கள் பெயரைத் தினமும் கூப்பிட்டார்கள். புத்தகத்தில் கூப்பிடவில்லை!

இதனால் என்ன நட்டம் என்பீர்கள். 1942, 43-இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே எல்லைக் காட்டில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பிய வெள்ளைக்காரக் கைதிகள் எத்தனையோ நினைவு நூல்கள் எழுதினார்கள். காஞ்சனபுரியில் இறந்துபோன கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000. பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. நம்மவர் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்குகூட ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறுகிறது. பெயர்ப் பட்டியலா? கேட்கவே வேண்டாம். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவல் வந்ததே 1993-இல், அரை நூற்றாண்டு கழித்து.

எழுதியவன் நிலைத்தான், எழுதாதவன் எண்ணிக்கையானான். நட்டம் இதுதான்!

ஆகவே வெள்ளைக்காரர் நூல்களைத் தூக்கி எறியாதீர்கள். படியுங்கள். படிக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே படகு தள்ளியது யார், சோறு ஆக்கியது யார், பாதை வெட்டியது யார்?

அதோடு நிறுத்தாதீர்கள். தோட்டத்தில் பிறந்த தாத்தா பாட்டி வீட்டில் இருக்கிறார்களா? இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், பக்கத்து வீட்டில் யார், கூட வேலை செய்தது யார் என்று கேளுங்கள். பெயர்களை மறக்காமல் எழுதுங்கள். அந்த மூன்றாவது புத்தகத்தை நாம்தான் எழுத வேண்டும். அதுவும் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுத வேண்டும்.