டர்போ லாரியின் உட்காற்று: நீர்க் குளிர்ப்பிலிருந்து காற்றுக் குளிர்ப்புக்கு

சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி, எஞ்சின் வெளியேற்றும் புகையின் விசையைக் கொண்டே அதற்குக் காற்றூட்டும் டர்போ முறைக்கு 1905-இல் காப்புரிமை கோரினார். லாரிக்கு அது வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1938-இல் சுவிட்சர்லாந்தின் சவுரர் நிறுவனம் டர்போ பொருத்திய லாரி எஞ்சினைச் செய்தது. 1954-இல் வால்வோவின் டைட்டன் டர்போ, 150 குதிரைத்திறன் தந்துவந்த 9.6 லிட்டர் எஞ்சினிலிருந்து 185 எடுத்தது. அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் என்ற ஏற்பாடு அதில் இல்லை. அழுத்தம் குறைவாக இருந்தவரை தேவைப்படவும் இல்லை.

அழுத்தத்தைக் கூட்டியதும் நிலைமை மாறியது. 25 டிகிரி செல்சியஸ் காற்றை, டர்போவின் 75 விழுக்காடு திறனுள்ள கம்ப்ரெசர் இரண்டரை மடங்கு அமுக்கினால் அது ஏறத்தாழ 144 டிகிரிக்குச் சூடேறும். சூடேறிய காற்று விரிந்துகொள்வதால், அழுத்தத்தால் கிடைத்த லாபத்தின் ஒரு பங்கை வெப்பமே பறித்துக்கொள்கிறது. எரிதலும் கூடுதல் சூட்டில் தொடங்குகிறது. பிஸ்டனும் வெளியேற்று வால்வும் அதைத் தாங்க வேண்டியிருக்கிறது.

காற்றைக் குளிர்விக்க முதலில் கைகொடுத்தது எஞ்சினின் சொந்தக் குளிர்நீர். கம்மின்ஸின் என்டிஏ வகை எஞ்சின்கள் இம்முறையைக் கையாண்டன. அடக்கமான, நம்பகமான ஏற்பாடு. ஆனால் அந்த நீரே 85, 90 டிகிரியில் ஓடுவது. அதைவிடக் குளிர்ச்சியாகக் காற்றை ஆக்க அதனால் இயலாது. மேலே சொன்ன 144 டிகிரிக் காற்றை 100-க்கு இறக்கினால், அழுத்தம் மாறாதவரை அடர்த்தி 12 விழுக்காடு கூடும். 50-க்கு இறக்கினால் 29 விழுக்காடு. இந்த இடைவெளிதான் பிந்தைய வரலாற்றை நடத்திச் சென்றது என்பது என் கருத்து.

1970-களில் அமெரிக்காவின் மேக் நிறுவனம் வெளிக்காற்றையே குளிர்விப்பானாக்கியது. அமுக்கிய காற்றில் சிறு பங்கைப் பிரித்து, அதன் வேகத்தில் ஒரு விசிறியைச் சுழற்றி, இன்டர்கூலர் வழியே வெளிக்காற்றைச் செலுத்தியது. அழகிய யோசனை, ஆனாலும் நிலைத்தது வேறொன்று. ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலரை நிறுத்தி, லாரி ஓடும் வேகத்தில் மோதும் காற்றையும் பெரிய விசிறியையும் நம்பும் எளிய முறை அது. 1982-இல் ஸ்கானியாவின் 14 லிட்டர் வி8 எஞ்சின், இன்டர்கூலருடன் 420 குதிரைத்திறனை எட்டியது.

இதுவரை திறன்தான் நோக்கம். அமெரிக்கச் சட்டம் அந்த நோக்கத்தை மாற்றியது. கனரக டீசல் எஞ்சினின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, ஒரு குதிரைத்திறன் மணிக்கு 1988-இல் 10.7 கிராம், 1991-இல் 5, 1998-இல் 4. அந்த ஆக்சைடுகள் சுடரின் உச்ச வெப்பத்தில் மிக விரைவாகப் பெருகுபவை; காற்று குளிர்ந்து நுழைந்தால் உச்சமும் தணியும். எரிபொருளைத் தாமதமாகப் பீய்ச்சியும் அவற்றைக் குறைக்கலாம், ஆனால் அதற்கு டீசல் கூடுதலாகச் செலவாகும். ஆகவே இன்டர்கூலர், திறன் மிகுந்த லாரிகளின் தனிச்சிறப்பாக இருந்த நிலை மாறி, எல்லாக் கனரக எஞ்சின்களுக்கும் இன்றியமையாத உறுப்பானது.

வெளிக்காற்றை நம்பியதற்கு ஒரு விலை உண்டு. வெயில் 25-இலிருந்து 45 டிகிரிக்கு ஏறினால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிரும் மேனிஃபோல்டில் உள்ள காற்றும் ஏறத்தாழ அதே அளவு சூடேறி, அதே அழுத்தத்தில் 6 விழுக்காடு அடர்த்தியை இழக்கும். இன்டர்கூலரின் இடுக்குகளில் புழுதி அடைத்தால் இழப்பு இன்னும் கூடும். கடுங்குளிரில் சிக்கல் நேரெதிர்: டீசல் தீப்பற்றத் தாமதித்து வெண்புகை கிளம்பும். அதைத் தவிர்க்க வட அமெரிக்க ஓட்டுநர்கள் பனிக்காலத்தில் லாரியின் முகப்பைத் துணியால் மூடுவதுண்டு. மின்னணுக் கட்டுப்பாடு வந்தபின், மேனிஃபோல்டில் உள்ள உணரி காற்றின் வெப்பத்தை ஓயாமல் அளக்கிறது. வெப்பம் வரம்பு மீறினால், எஞ்சினைக் காக்க அந்தக் கட்டுப்பாடு டீசல் அளவைத் தானே குறைக்கிறது.