மெழுகுவர்த்தி எரிதலும் நிறையிழப்பும்: ஒரு வரலாற்று ஆய்வு

எரியும் மெழுகுவர்த்தியைத் தராசில் வைத்தால், அது இருக்கும் தட்டு மெல்ல மெல்ல மேலே ஏறும். இந்த நிறையிழப்பை எக்காலத்திலும் காண முடிந்தது. ஆனால், அதற்குக் கூறப்பட்ட காரணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைகீழாக மாறியது. தராசில் எவற்றையெல்லாம் சேர்த்து நிறுத்தார்கள் என்பதே அம்மாற்றத்துக்கு வழிவகுத்தது என்பதை இக்கட்டுரை காட்டுகிறது.

ஃபிளாஜிஸ்டன் கொள்கை

காற்று நீக்கப்பட்ட கலத்தில் மெழுகுவர்த்தி அணைந்துவிடுவதை ராபர்ட் பாயில் 1660இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். காற்றின் ஒரு பகுதி மட்டுமே எரிதலுக்குத் துணைபுரிகிறது என்று ஜான் மேயோ 1674இல் வாதிட்டார். ஆயினும் அடுத்த நூற்றாண்டில் செல்வாக்குப் பெற்றது ஜெர்மானிய வேதியியலர் ஷ்டால் வளர்த்தெடுத்த ஃபிளாஜிஸ்டன் கொள்கையே. எரியும் பொருளிலிருந்து ஃபிளாஜிஸ்டன் வெளியேறுகிறது என்றது அது. மெழுகு குறைவதற்கும், மூடிய சாடிக்குள் சுடர் அணைவதற்கும் இக்கொள்கை எளிதில் விடை தந்தது: ஃபிளாஜிஸ்டன் வெளியேறுவதால் மெழுகு குறைகிறது, சாடியின் காற்று அதை மேலும் ஏற்க முடியாத நிலையில் சுடர் அணைகிறது. காற்றில் சூடாக்கிய உலோகத்தின் எடை கூடுவதற்கு மட்டும் அதனிடம் தெளிவான விடை இல்லை.

லவாய்சியேவின் கணக்கு

கந்தகமும் பாஸ்பரசும் எரியும்போது எடை கூடுவதை 1772இல் லவாய்சியே கண்டார். 1774இல் பிரீஸ்ட்லி, பாதரச ஆக்சைடைச் சூடாக்கி, மெழுகுவர்த்தியை வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரியவைக்கும் ஒரு வாயுவைப் பெற்றார். பின்னர் லவாய்சியே அதற்கு ஆக்சிஜன் என்று பெயரிட்டார். 1777இல் அவர் மெழுகுவர்த்தியின் எரிதலையே தனி ஆய்வுப் பொருளாக்கினார். உலோகம் எரிந்தால் விளைபொருள் திண்மமாகத் தட்டிலேயே தங்கிவிடும். மெழுகுவர்த்தியின் விளைபொருள்களோ வாயுவாகவும் ஆவியாகவும் தட்டை விட்டு நீங்கிவிடும். இரண்டும் ஆக்சிஜனோடு கூடும் ஒரே வகை வினைதான் என்பது, நீங்கிப்போவதையும் கணக்கில் சேர்த்த பிறகே புலப்பட்டது. நீர் ஒரு தனிமம் அன்று, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம் என்பது 1780களில் உறுதிப்பட்டபோது, சுடரிலிருந்து எழும் நீராவிக்கும் விளக்கம் கிடைத்தது.

இக்கணக்கை இன்றைய சமன்பாட்டால் சரிபார்க்கலாம். மெழுகை 25 கார்பன் அணுக்கள் கொண்ட பாரஃபினாகக் கொண்டால், 10 கிராம் மெழுகு முழுமையாக எரிய ஏறத்தாழ 34.5 கிராம் ஆக்சிஜன் வேண்டும். கிடைப்பவை சுமார் 31.2 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 13.3 கிராம் நீரும். தட்டில் 10 கிராம் குறைகிறது; விளைபொருள்களின் மொத்த எடையோ 44.5 கிராம். எரிசோடா நிரப்பிய குழாயைச் சுடருக்கு மேலே பொருத்தி, இரண்டையும் சேர்த்து நிறுத்தால், விளைபொருள்கள் குழாயில் பிடிபட்டு எடை கூடுவதைக் காணலாம்.

திரியும் சுடரும்

எரிவது திண்ம மெழுகு அன்று. சுடரின் வெப்பத்தில் உருகிய மெழுகு நுண்புழை ஏற்றத்தால் திரியில் ஏறி ஆவியாகிறது. அந்த ஆவியே எரிகிறது. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1860–61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளையோருக்கு ஆற்றிய ஆறு உரைகளில் மைக்கேல் ஃபாரடே இதைச் செய்து காட்டினார். சுடரின் நடுவில் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் செருகி, ஆவியை வெளியே இழுத்து, மறுமுனையில் கொளுத்தினார். பனிக்கட்டியும் உப்பும் நிரம்பிய கலத்தைச் சுடருக்கு மேலே பிடித்து, அதன் அடியில் நீர்த்துளி திரள்வதையும் காட்டினார்.

திரியின் வடிவமும் நிறையிழப்பைப் பாதித்தது. பழைய கொழுப்பு மெழுகுவர்த்திகளில் கருகிய திரியை அடிக்கடி கத்தரிக்க வேண்டும். தவறினால் புகை எழும், உருகிய கொழுப்பு ஒளி தராமலே வழிந்து வீணாகும். 1820களில் பிரான்சில் வந்த பின்னல் திரி, எரியும்போது வளைந்து சுடரின் வெளிவிளிம்பை எட்டி, அங்கேயே சாம்பலானது. இதனால் எரியும் வேகம் பெரிதும் சீரானது.

அளவுகோலான மெழுகுவர்த்தி

அந்தச் சீர்மை நிறையிழப்பை ஒளி அளவீட்டுக்கு அடிப்படையாக்கியது. பிரிட்டனின் 1860ஆம் ஆண்டுப் பெருநகர எரிவாயுச் சட்டத்தின்படி, ஒரு பவுண்டுக்கு ஆறு என்ற எடையில் திமிங்கில மெழுகால் செய்யப்பட்டு, மணிக்கு 120 கிரெயின், அதாவது சுமார் 7.8 கிராம், எரியும் மெழுகுவர்த்தியே ஒளியின் அலகு. சோதனையின்போது மெழுகுவர்த்திகளை நிறுத்து, எரிந்த அளவு கூடினாலும் குறைந்தாலும் அதற்கேற்ப ஒளி அளவைத் திருத்தினர். ஆயினும் திரியும் மெழுகும் சற்று மாறினாலே ஒளியும் மாறியது. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பென்டேன் விளக்கும் ஹெஃப்னர் விளக்கும் அதன் இடத்தைப் பிடித்தன.

ஈர்ப்பு உணரப்படாத வெளியில்

புவியில் சூடான வாயு மேலெழ, புதுக்காற்று கீழிருந்து பாய்ந்து சுடரை நீட்டுகிறது. விண்வெளியில் இவ்வோட்டம் இல்லை. 1992இல் கொலம்பியா விண்ணோடத்திலும் 1996இல் மீர் நிலையத்திலும் நடந்த சோதனைகளில் சுடர் நீல நிற அரைக்கோளமாகத் தோன்றியது. ஆக்சிஜன் விரவல் வழியாக மட்டுமே வந்ததால் மெழுகு மெதுவாகவே தீர்ந்தது.

முடிவுரை

மெழுகை மட்டும் நிறுத்தபோது இழப்பு தெரிந்தது. காற்றையும் விளைபொருள்களையும் சேர்த்தபோது பொருண்மை அழியா விதி நிறைவேறியது. காலத்தையும் சேர்த்து அளந்தபோது நிறையிழப்பு ஒளியின் அளவுகோலாயிற்று. அந்த இழப்பின் வேகத்தை மெழுகு மட்டும் தீர்மானிப்பதில்லை. திரி மெழுகை ஏற்றும் அளவும் காற்றோட்டம் ஆக்சிஜனைச் சேர்க்கும் அளவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.