கல்சட்டி பழக்குதல்: தகடூர் நாட்டுச் சமையல் கலங்களின் வரலாறு

புதிதாக வாங்கிய கல்சட்டியையோ மண்சட்டியையோ அப்படியே அடுப்பில் ஏற்றக் கூடாது. சில நாட்கள் எண்ணெயும் கஞ்சியும் ஊட்டி, மெல்ல மெல்லச் சூடு காட்டிய பிறகே அதில் சமைக்க வேண்டும். இதற்கு நம் சமையலறைகளில் வழங்கும் பெயர் ‘பழக்குதல்’. காளையை ஏருக்குப் பழக்குவது போல, சட்டியை நெருப்புக்குப் பழக்குகிறார்கள். நன்கு பழகிய சட்டியின் உட்புறம் கறுத்து மினுமினுப்பாக இருக்கும். அதைக் கறை என்று எண்ணிச் சுரண்டி எடுப்போர் இன்று பலர். அந்தக் கறை எவ்வாறு உண்டாகிறது, எதைக் கழுவ வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும், வரலாற்றுக்கு அது எவ்வாறு சான்றாகிறது என்பவற்றைத் தர்மபுரி மாவட்டப் பின்னணியில் இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று வகைக் கலங்கள்

நம் வீடுகளில் உலோகம் அல்லாத கலங்கள் மூன்று வகைப்படும்.

முதலாவது மட்கலம். களிமண்ணில் வனைந்து சூளையில் சுடப்படுவது. கிராமத்துச் சூளையின் வெப்பம் பெரும்பாலும் 900 டிகிரி செல்சியசுக்கு உட்பட்டது. அதனால் மண் முழுவதும் இறுகுவதில்லை. நுண்துளைகள் எஞ்சி நிற்கும். பானைத் தண்ணீர் குளிர்வது இத்துளைகளால்தான்.

இரண்டாவது கல்சட்டி. இது சுடப்படுவதில்லை, மாக்கல்லைக் குடைந்து எடுக்கப்படுவது.

மூன்றாவது ஊறுகாய் ஜாடி. இதன் மண் ஏறத்தாழ 1200 டிகிரி வெப்பத்தில் சுடப்பட்டுக் கல்லைப் போல இறுகிவிடும். மேலே கண்ணாடி போன்ற மெருகும் உண்டு. இது எண்ணெயை உறிஞ்சாது. இதைப் பழக்க வேண்டியதில்லை. ஆனால் இதே வகை மண்ணில் மெருகு இல்லாமல் செய்து, ரொட்டி சுடப் பயன்படுத்தும் தட்டுகள் இப்போது நகரக் கடைகளில் கிடைக்கின்றன. மெருகு இல்லாததால் அவை எண்ணெயை ஏற்றுக் கறுக்கின்றன. ஆகவே அவற்றுக்கும் கல்சட்டியின் விதியே பொருந்தும்.

தகடூர் நாட்டில் மட்கலங்கள்

இன்றைய தர்மபுரி சங்க காலத்தில் தகடூர் எனப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. இந்த நிலப்பரப்பு முழுவதும் புதிய கற்காலம், இரும்புக் காலம் ஆகியவற்றின் தடயங்கள் கிடைக்கின்றன.

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. அங்கு இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதை 2022 மே மாதம் தமிழக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் புதிய கற்காலத்தின் இறுதியிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டன என்பதும் அந்த ஆய்வின் முடிவுகளில் ஒன்று.

கறுப்பு-சிவப்புக் கலத்தின் உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளே காற்று போகாததால் கறுக்கிறது. வெளியே காற்றுப் படுவதால் சிவக்கிறது. ஆக, சமையல் தொடங்கும் முன்பே கலத்தின் உட்புறத்தைக் கறுப்பாக்கி இறுக்கும் தொழில்நுட்பம் நம் குயவர்களிடம் இருந்தது.

இதற்கு இன்னொரு சான்று கீழடியிலிருந்து கிடைத்தது. அங்குக் கிடைத்த பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சை வேலூர் விஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். அதில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதைக் கண்டு 2020இல் வெளியிட்டனர். தாவரச் சாறு போன்ற ஒரு பொருளைப் பூசி மிகுந்த வெப்பத்தில் சுட்டதால் அவை உருவாகியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

மாக்கல்லும் கல்சட்டியும்

மாக்கல்லின் முதன்மைக் கனிமம் டால்க். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் டால்க்கின் எண் 1; அதாவது மிகவும் மென்மையானது. நகத்தால் கீறினாலே மாவு உதிரும். ஆரம்ப வகுப்பில் நாம் எழுதிய வெள்ளைப் பலப்பமும் இந்தக் கல்தான். தர்மபுரியை ஒட்டிய கர்நாடகத்தில் மாக்கல்லுக்குப் ‘பளபதக் கல்லு’ என்றே பெயர். பேலூர், ஹளேபீடு கோயில்களில் ஹொய்சளச் சிற்பிகள் நகை வேலைப்பாடு போல நுணுக்கமாகச் செதுக்க முடிந்ததற்கும் இவ்வகைக் கல்லின் மென்மையே காரணம்.

பழைய சேலம் மாவட்டப் பகுதி மாக்கல் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்றது. கல்சட்டி, பணியாரக் கல், மோர் ஊற்றி வைக்கும் கிண்ணம் முதலியவை செய்யப்பட்டு ஊர் ஊராக விற்கப்பட்டன. இன்று இரும்பில் செய்தாலும் தோசைக்கல், பணியாரக்கல் என்றே சொல்கிறோம். பொருள் மாறிய பிறகும் பெயரில் கல் நிற்கிறது.

கல்சட்டிக்கு இரண்டு சிறப்புகள் உண்டு. ஒன்று, புளி அதைத் தாக்காது. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க உள்ளே ஈயம் பூச வேண்டும்; கல்சட்டிக்கு அது தேவையில்லை. புளிய மரங்கள் நிறைந்த நம் மாவட்டத்தில் இது சிறிய வசதி அன்று. இரண்டு, அது சூட்டை நெடுநேரம் பிடித்து வைக்கும். அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு சில நிமிடங்கள் கொதித்துக்கொண்டிருக்கும்.

பழக்கும் முறை

வீட்டுக்கு வீடு சிறு வேறுபாடுகள் உண்டு. எங்கள் பக்கத்தில் பரவலான முறை இது.

முதல் நாள் சட்டியைத் தண்ணீரில் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்த வேண்டும். பிறகு விளக்கெண்ணெயையோ நல்லெண்ணெயையோ உள்ளும் புறமும் தடவி ஒரு நாள் வைக்க வேண்டும். மஞ்சள்தூள் குழைத்துத் தடவுவோரும் உண்டு. எண்ணெய் உறிஞ்சப்பட்டதும் மீண்டும் தடவ வேண்டும். இப்படி மூன்று நான்கு நாட்கள்.

அடுத்த ஒரு வாரம், சோறு வடித்த கஞ்சியை மிதமான சூட்டில் தினமும் சட்டியில் ஊற்றி வைத்து, ஆறிய பின் கொட்ட வேண்டும். கடைசி இரண்டு மூன்று நாட்கள் கஞ்சியுடனேயே சட்டியைச் சிறு தீயில் வைத்துச் சூடேற்ற வேண்டும். வெறும் சட்டியை அடுப்பில் வைக்கக் கூடாது. சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இந்த இரண்டு தவறுகளால்தான் பெரும்பாலான கல்சட்டிகள் விரிசல் விடுகின்றன.

மண்சட்டிக்கு இவ்வளவு நாள் தேவையில்லை. ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, எண்ணெய் தடவி, இரண்டு மூன்று முறை அரிசி களைந்த நீரையோ கஞ்சியையோ கொதிக்கவிட்டால் போதும்.

பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்திலும் மாக்கல் சட்டிகள் செய்கிறார்கள். அவர்களும் எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கிய பிறகே சமைக்கிறார்கள். வைக்கிங் காலத்து நார்வேயிலும் மாக்கல் சமையல் பாத்திரங்கள் இருந்தன.

பழக்கும்போது நடப்பது என்ன?

கஞ்சியில் உள்ள மாவுச்சத்து சூட்டில் பசையாகி, நுண்துளைகளிலும் மயிரிழை வெடிப்புகளிலும் புகுந்து அடைத்துக்கொள்கிறது. எண்ணெயில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் சூட்டிலும் காற்றிலும் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான படலமாகின்றன. ஒவ்வொரு சமையலிலும் இப்படலம் சிறிது சிறிதாக வளர்ந்து கறுக்கிறது. இதனால் நீர் கசிவதில்லை, உணவு ஒட்டுவதில்லை. மெல்லச் சூடேற்றுவதால் கல் சீராக விரிவடைந்து, வெடிக்காமல் நிற்கிறது.

கறையும் அழுக்கும்

கறுத்த படலம் வேறு, அழுக்கு வேறு. விரலால் தடவினால் வழவழப்பாக, ஒட்டாமல் இருப்பது படலம். அதை விட்டுவிட வேண்டும். பிசுபிசுப்பாக ஒட்டுவது, கருகித் தடித்து நிற்பது, வாடை வீசுவது ஆகியவை அழுக்கு. அவற்றை நீக்க வேண்டும்.

அன்றாடம் கழுவ வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். எண்ணெய்ப் பிசுக்கு மிகுந்தால் சீயக்காய்த்தூள், அரப்பு, கடலை மாவு ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்தலாம். களி அடிப்பிடித்தால் வெந்நீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மர அகப்பையால் தள்ளினால் வந்துவிடும். கருகல் போகாவிட்டால் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து சிறு தீயில் சூடாக்கி, தானாக ஆறவிட்டுக் கழுவலாம். உப்பு நீர்ப் பகுதிகளில் மண்சட்டிமேல் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பைப் புளிக்கரைசல் கரைத்துவிடும். அடிப்புறக் கரிக்குச் சாம்பல் போதும். கழுவிய பின் வெயிலில் நன்கு உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

சோப்புத்தூளும் கம்பி நாரும் ஆகா. சோப்பு நுண்துளைகளில் புகுந்து அடுத்த சமையலில் வெளிவரும். கம்பி நார் படலத்தைக் கிழித்துவிடும். இதை நான் பட்டே அறிந்தேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டு வேலையில் உதவுவதாக எண்ணி, என் ஆயா காலத்துக் கல்சட்டியைக் கம்பி நாரால் சாம்பல் நிறம் தெரியும்வரை தேய்த்துவிட்டேன். என் மனைவி பார்த்துவிட்டு, “பழகின சட்டியைப் புதுச்சட்டி ஆக்கிட்டீங்களே” என்றார். மறுநாள் வைத்த குழம்பில் சோப்பு வாடை. பிறகு அவர் சொல்லச் சொல்ல, முதலிலிருந்து நானே அதைப் பழக்கினேன். இரண்டு வாரம் ஆனது. மேலே எழுதிய முறை அப்போது கற்றதுதான்.

அலுமினியம் வந்த பிறகு

1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். 1960களில் நம் அண்டை ஊரான மேட்டூரிலேயே அலுமினிய ஆலை வந்தது. எடை குறைவு, விலை குறைவு, விழுந்தாலும் உடையாது. எனவே எளிய குடும்பங்கள் அதற்கு மாறியதில் வியப்பில்லை. பிறகு எவர்சில்வர் வந்தது. 1938இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட டெஃப்லான் பூசிய ஒட்டாத தவாக்களும் வந்தன. கஞ்சியும் எண்ணெயும் சில வாரங்களில் செய்ததை அப்பூச்சு கடையிலேயே செய்து தருகிறது. ஆனால் அது தேய்ந்தால் வீட்டில் மீண்டும் பூச முடியாது.

சட்டிகள் மறைந்தபோது அவற்றைப் பழக்கும் அறிவும் மறைந்தது. அது எந்தப் பாடநூலிலும் இல்லை. மாமியார் மருமகளுக்கும் தாய் மகளுக்கும் அடுப்படியில் சொன்னது. இன்று கல்சட்டி வாங்கும் ஆசை திரும்பியிருக்கிறது. சொல்லித்தர ஆள் இல்லாமல், வாங்கிய வாரத்திலேயே பல சட்டிகள் உடைகின்றன.

கறை சொல்லும் வரலாறு

மெருகில்லாத பானையின் ஓட்டில் ஊறிய கொழுப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் எஞ்சியிருக்கும். அரியானா, உத்தரப் பிரதேசப் பகுதிகளின் சிந்துவெளி ஊர்களில் கிடைத்த 172 பானை ஓடுகளை அக்ஷயேதா சூர்யநாராயண் தலைமையிலான குழுவினர் ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் ஊறியிருந்த கொழுப்பில் விலங்குக் கொழுப்பே மிகுதி எனத் தெரியவந்தது. அம்மக்களின் எழுத்தை இன்னும் நம்மால் படிக்க முடியவில்லை. ஆனால் அவர்கள் சட்டியில் என்ன வெந்தது என்பதைக் கறை சொல்லிவிட்டது.

ஆகவே மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். நம் மாவட்டத்தில் உழவின்போதும் மழைக்குப் பிறகும் பழைய பானை ஓடுகள் மேலே வருவதுண்டு. கண்டால் தோண்டாதீர்கள், கழுவித் துடைக்காதீர்கள், ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ தெரிவியுங்கள். கழுவினால் அழுக்கோடு சான்றும் போய்விடும். அடுத்து, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கல்சட்டி பழக்கத் தெரிந்த மூதாட்டி இருந்தால் அருகில் உட்கார்ந்து, எத்தனை நாள், என்ன எண்ணெய், எவ்வளவு சூடு என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பானை ஓடு மண்ணுக்குள் இன்னும் ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். அவர் சொல்லும் முறை அவ்வளவு நாள் காத்திருக்காது.