அரை விநாடித் தாமதமும் ஒரு தேவையில்லாத லைப்ரரியும்

எம். புதுப்பட்டி, சிவகாசி பக்கத்துக்காரங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: பட்டாசு ஆலையில் மருந்து கலக்குற ரூம் தனியா நிற்கும். அடுத்த ரூமுக்கு இடைவெளி விட்டுத்தான் கட்டணும். இன்னைக்குப் பேசப்போறது, மென்பொருளில் அந்த இடைவெளி இல்லாமல் போன கதை.

2024 மார்ச் கடைசி. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் உருவாக்குநர்களில் ஒருவர். டெபியனின் அன்ஸ்டேபிள் பதிப்பில் எஸ்எஸ்எச் லாகின் வழக்கமா 0.3 விநாடி எடுக்கும், அவருக்கு 0.8 ஆனது. அரை விநாடிதான். ஆனால் மனுஷன் விடலை. தோண்டிப் பார்த்தால், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு!

ஃபைலைச் சுருக்குற கருவிக்கும் லாகினுக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் விஷயமே இருக்கு. ஓப்பன்எஸ்எஸ்எச் தன்னளவில் எக்ஸ்இசட்டைத் தொடாது. ஆனால் "நான் தயார்"னு சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக டெபியன் மாதிரி சில விநியோகங்கள் லிப்சிஸ்டம்டி லைப்ரரியை அதோடு இணைச்சிருந்தாங்க. அந்த லைப்ரரி, லாக் பதிவுகளைச் சுருக்க எக்ஸ்இசட்டின் லைப்ரரியை இழுத்துட்டு வந்தது. ஒரு வார்த்தை சொல்லப் போனவரோட கூடவே முழுக் குடும்பமும் வீட்டுக்குள் வந்த கதை.

அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிசு தெரியுமா? "ரெடி=1" என்ற வரியை ஒரு சாக்கெட்டில் எழுதணும், அவ்வளவுதான். லைப்ரரியே வேண்டாம், சி மொழியில் சில பத்து வரிகள் போதும்.

பின்கதவு வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் 2021 முதல் பங்களிப்பு செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்புப் பொறுப்பில் பங்கு பெற்றவர். திட்டத்தை அதுவரை பார்த்துக்கொண்டிருந்த லாசே கொலின், சம்பளமில்லாத தனியாள். பலரும் அதைப் பற்றித்தான் பேசினாங்க, நியாயம்தான். ஆனால் அந்த இணைப்பு இல்லாதிருந்தால், எக்ஸ்இசட் வழியாக எஸ்எஸ்எச்சுக்குள் நுழைய இந்த வழி கிடைத்திருக்காது. என் கணக்கில் அதுவும் அதே அளவு முக்கியம்.

நமக்கும் தூரமில்லை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு வந்த பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். நல்லவேளை, இந்தப் பின்கதவு டெபியனின் நிலையான பதிப்புக்குப் போகலை.

அப்புறம் வேலை மளமளன்னு நடந்தது. சுருக்கும் லைப்ரரிகளைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் மாற்றத்தை சிஸ்டம்டி ஏற்கெனவே ஏற்றிருந்தது. 2024 ஜூனில் 256ஆம் பதிப்பாக வந்தது. ஜூலையில் ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8, அந்த "ரெடி" வரியை லைப்ரரி இல்லாமல் தானே எழுதத் தொடங்கியது. டெபியனும் அதே ஆண்டு தன் இணைப்பை எடுத்துவிட்டது.

உங்க மெஷினில் எல்டிடி கட்டளைக்கு எஸ்எஸ்எச்டி ஃபைலைக் கொடுத்துப் பாருங்க. வரும் பட்டியலில் ஒவ்வொரு பெயரும் எதுக்கு இருக்குன்னு தேடினா, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போயிடும்.