விரலுக்கு ஏற்ற எழுத்து

கண்ணிழந்த பிள்ளையைக் கண்டால் 'முன்ஜென்ம வினை' என்று ஒரே சொல்லிற் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போகும் வழக்கம் நம்மவரிடை இன்னும் ஒழிந்தபாடில்லை. தோட்டத்துக் கிராணி வேலை பார்க்கும் நாம், எக்கணக்கும் அத்துணை எளிதில் தீராதென்பதை அறிவோம். ஆதலின் பிரான்சு தேசத்துச் சரித்திரமொன்றை நேயர்முன் வைக்கின்றோம்.

பாரிசுக்குக் கிழக்கே கூப்வ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாக 1809-இல் பிறந்தவர் லூயி பிரெயில். மூன்று வயதில் தந்தையின் பட்டறைக் குத்தூசி ஒரு கண்ணிற் பாய்ந்தது; புண் மற்றதற்கும் பரவி இரண்டும் ஒளியிழந்தன. ஊர்ப் பள்ளி ஆசிரியர் அச்சிறுவனை ஒதுக்கவில்லை; ஏனைய பிள்ளைகளோடு வகுப்பில் அமர்த்தினார். அவன் காதாற் கேட்டே கற்றான். ஆயினும் படிக்கப் புத்தகமில்லை.

1819-இல் பாரிசில் பார்வையற்ற சிறுவர்க்கென இருந்த பள்ளியிற் சேர்ந்தார். அங்கே புத்தகம் இருந்தது. கண்ணுள்ளோர் படிக்கும் அதே எழுத்துக்களைத் தாளிற் புடைத்தெழச் செய்திருந்தனர். ஒவ்வொரு நூலும் பெருஞ்சுமை. எழுத்தின் வளைவுகளைத் தடவித் தேறுவதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோம். மாணவன் தன் கையால் எழுதவோ வழியேயில்லை.

பார்பியே என்னும் முன்னாட் படையதிகாரி பன்னிரு புள்ளிகளாலான எழுத்துமுறையொன்றைக் கொணர்ந்தார். அது விரல்நுனிக்குள் அடங்கவில்லை. பிரெயில் அதனை ஆறு புள்ளிகளாகக் குறுக்கி 63 வடிவங்கள் அமைத்தார். ஆண்டு 1824, வயது 15! 1829-இல் நூலாகவும் வெளியிட்டார்.

நாம் நின்று நோக்கவேண்டிய இடம் இனித்தான் வருகிறது. 1840-இல் அப்பள்ளியின் தலைமையேற்ற துய்ஃபோ என்பார் அம்முறையைத் தடுத்தார். கண்ணுள்ளோர் படிக்கவொண்ணாத எழுத்து, கண்ணில்லாரைச் சமூகத்தினின்றும் பிரித்துவிடுமாம்! கேட்க நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் அந்த ஒற்றுமை யாருக்கு வசதி? விரலுக்கா, மேற்பார்க்கும் ஆசிரியரின் கண்ணுக்கா? மாணவர்கள் மறைவிற் புள்ளி குத்திக்கொண்டேயிருந்தனர். உதவித் தலைவர் கதே என்பவர் அதன் பயனை உணர்ந்து தலைவரையும் இணங்கச் செய்ய, 1844-இல் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் அம்முறை சபையோர்க்குக் காட்டப்பட்டது. 1852-இல் பிரெயில் மறைந்தார். அதற்கு இரண்டாண்டு கழித்தே அவர்தம் எழுத்து அங்கு முறைப்படி ஏற்கப்பட்டது. தமிழையும் உட்கொண்ட பாரதி பிரெயில் 1951-இல் வந்தது.

நாம் ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாளில், கரும்பலகையைப் பார்த்தெழுதத் தடுமாறிய தோழனொருவன் இருந்தான். 'மக்கு' என்று பெயரிட்டுக் கடைசிப் பெஞ்சில் இருத்தினர். பள்ளியை விட்டபின்னரே அவனுக்கு மூக்குக்கண்ணாடி கிடைத்தது. அவனை முன்வரிசைக்கு மாற்ற ஆசிரியர் எவருக்கும் தோன்றவில்லை; பக்கத்திலிருந்த நமக்கும் தோன்றவில்லை.