கணையமும் செரிமானமும்

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே கிடக்கும் சுரப்பி. வளர்ந்தவர்களுக்குச் சுமார் 15 செ.மீ. நீளம் இருக்கும். அதன் தலைப்பகுதியை முன்சிறுகுடல் வளைத்துப் பிடித்திருக்கிறது. வால் மண்ணீரல்வரை நீள்கிறது. நீரிழிவின் பெயரால்தான் கணையத்தைப் பலரும் அறிவார்கள். ஆனால் இன்சுலின் சுரக்கும் லாங்கர்கான்ஸ் திட்டுகள் அதில் மிகச் சிறு பங்கே. எஞ்சிய திசுவில் பெரும்பகுதி செரிமான நீர் சுரக்கவே அமைந்தது.

எப்போது சுரக்க வேண்டும் என்பதை முன்சிறுகுடல் அறிவிக்கிறது. இரைப்பையிலிருந்து இறங்கும் உணவுக்கூழின் அமிலம் குடற்சுவரில் பட்டதும், அங்கு சுரக்கும் செக்ரிட்டின் என்ற வேதிப்பொருள் இரத்தத்தில் கலக்கிறது. அதன் தூண்டலால் கணையம் பைகார்பனேட் நிறைந்த நீரை அனுப்பி அமிலத்தை முறிக்கிறது. கூழில் கொழுப்பும் புரதமும் இருந்தால் கொலிசிஸ்டோகைனின் என்ற மற்றொரு வேதிப்பொருள் சுரக்கும். அது கணையத்திலிருந்து நொதிகளை வரவழைக்கும். அதே வேளையில் பித்தப்பையைச் சுருக்கிப் பித்தநீரையும் இறக்கும். கணையத்துக்கு ஆணை நரம்பு வழியாகவே வருகிறது என்று ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் ஆய்வுக்கூடம் கருதியிருந்தது. 1902இல் லண்டனில் உடலியலாளர்கள் பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் நாயின் குடல் பகுதியொன்றில் நரம்புகளை அறுத்துவிட்டு அமிலத்தைச் செலுத்தினார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. ஆணை இரத்தத்தின் வழியாகவும் வருகிறது என்பது அதனால் தெரிந்தது. இப்படி இரத்தத்தில் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள்களுக்கு ஹார்மோன் என்ற சொல்லை ஸ்டார்லிங் 1905இல் வழங்கினார்.

கொழுப்புச் செரிமானத்தில் கல்லீரலின் துணை இன்றியமையாதது. அது தரும் பித்த உப்புகள் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்த பிறகே, கொழுப்பைச் செரிக்கும் கணைய நொதியான லைபேஸ் நன்றாக வேலை செய்யும். மாவுச்சத்தை அமைலேஸ் கவனித்துக்கொள்கிறது. புரதத்தைச் சிதைக்கும் டிரிப்சின் கணையத்தையே அரித்துவிடக்கூடியது என்பதால், செயலற்ற டிரிப்சினோஜனாகத்தான் வெளியேறுகிறது. முன்சிறுகுடல் சுவரிலுள்ள என்டிரோகைனேஸ் அதை விழிக்கச் செய்கிறது.

பெரும்பாலோருக்குக் கணையக் குழாயும் பொதுப் பித்தக்குழாயும் ஒன்றுசேர்ந்து, வேட்டர் முகட்டின் வழியாக முன்சிறுகுடலில் திறக்கின்றன. வசதியான ஏற்பாடுதான், ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. பித்தப்பையிலிருந்து நழுவிய கல் அந்த வாயிலை அடைத்தால், நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக் கடும் அழற்சி உண்டாகலாம். கணையத் தலையில் வளரும் கட்டி பித்தக்குழாயை நெருக்குவதால், வலிக்கு முன்பே மஞ்சள் காமாலை தோன்றுவதும் உண்டு.

பித்தப்பையை அகற்றினாலும் கல்லீரல் சுரக்கும் பித்தநீர் நேராகக் குடலுக்கு வந்துவிடும். பெரும்பாலோர் வழக்கம்போல் சாப்பிடுகிறார்கள். கணையம் செயலிழந்தால் அப்படி ஈடுகட்ட முடியாது. லைபேஸ் சுரப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்த பின்னரே மலத்தில் கொழுப்பு பிசுபிசுப்பாக வெளிப்படும். அதன்பின் ஒவ்வொரு வேளை உணவோடும் நொதி மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.